நேர்மையாக ஒப்புக்கொண்டார்

அத்தியாயம் பதினான்கு

அன்று காலையிலிருந்தே ஜெயபாண்டிக்கு யாரையும் பிடிக்கவில்லை. முக்கியமாகத் தன் மனைவியை.

காரணம் சின்னதுதான். மதுரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிய வெங்கடேஸ்வரி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தீர்ப்பு எப்படி வந்தாலும் சாயங்காலம் மாரிக்கனிகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீங்க எதையாவது சொல்லி அவளைக் குழப்பிறாதிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. பதினேழு வருஷமாகக் கறுப்புக் கோட்டு போடுகிறவனுக்குச் சொந்தச் சித்தப்பா மகளிடம் ஒரு தீர்ப்பை விளக்கிச் சொல்லத் தெரியாதா?

மாரிக்கனியின் வழக்கு நமக்குத் தெரிந்ததுதான். சேத்தூரில் இருக்கிறாள். அவள் அப்பா அரசு வாரியம் ஒன்றில் டிரைவராக இருந்து, பணியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அப்படிப் போனவரின் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பார்கள். பிள்ளை மகன் என்றால் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மகள் என்றால் கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. மாரிக்கனி ஒரே பிள்ளை. கல்யாணம் ஆனவள். எழுந்து நடக்க முடியாத தாய் சீனியம்மாளை வைத்துப் பார்க்கிறவளும் அவள்தான், ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே.

அந்த விதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டவள் வெங்கடேஸ்வரி. எழுதியதும் அவள், வாதாடியதும் அவள். வக்காலத்தில் மட்டும் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆபீஸ் நடத்தினால் அதுதான் வழக்கம். அவன் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து. ஆபீஸ் பலகையிலும் அதே வரிசை.

வாதாடியது முழுக்க அவள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நிமிஷம் அவனுடையது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சும்மா வேடிக்கை பார்க்கத்தான் அவனும் மதுரைக்குப் போயிருந்தான். வழக்கைக் கூப்பிட்ட நேரத்தில் வெங்கடேஸ்வரி பக்கத்துக் கோர்ட்டில் வேறொரு கேஸில் நின்றுகொண்டிருந்தாள். இந்த மாதிரி சமயத்தில் கூட இருக்கிற வக்கீல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்க வேண்டும், அதாவது எங்கள் கேஸைக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஜெயபாண்டியும் எழுந்தான், கேட்டான். அமர்விலிருந்த இருவரில் மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு சின்னச் சந்தேகம் என்றார். அரசுப் பணியில் சம வாய்ப்பு என்று சாசனத்தில் பதினாறாவது பிரிவை எழுதி வைத்தார்களே, எழுதியவர்கள் மனதில் கல்யாணமான மகள் இருந்திருப்பாளா என்று கேட்டார்.

நேற்றுக் கோட்டு போட்ட பிள்ளையாக இருந்தாலும், எங்கள் வக்கீல் வந்து பதில் சொல்வார் என்று நழுவியிருக்கும். ஜெயபாண்டி ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவள் வரவில்லை.

"இருந்திருக்க வாய்ப்பில்லை, மை லார்ட்" என்றான்.

"வெரி ஃபேர் ஆஃப் யூ, மிஸ்டர் ஜெயபாண்டி" என்று அவன் நேர்மையை மெச்சி நீதிபதி சிரித்தார். கேஸைத் திரும்பக் கூப்பிட்டபோது வெங்கடேஸ்வரி வந்து வாதாடினாள்.

இத்தனை வருஷத்தில் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் வாயில் அவன் பெயர் வந்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை அவன் தனியாகவே வைத்து அனுபவித்தான். வெங்கடேஸ்வரியிடம் சொன்னால், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று துருவுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில், வக்கீல்கள் அறையில் அவன் நுழைந்தபோதே ஐயாதுரை அண்ணாச்சி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் சங்கத்தில் மூத்தவர். அவர் மெதுவாகப் பேசினாலும் ரோட்டில் போகிறவனுக்குக் கேட்கும்.

"ஏலே ஜெயபாண்டி, கமுக்கமா இருந்துக்கிட்டு என்ன வேலைலாம் பாத்திருக்க. தீர்ப்பு வந்துட்டுல்லா. ரெண்டு ஜட்ஜும் ரெண்டு விதமா எழுதியிருக்காவ. மூத்தவரு விதி செல்லும்கிறாரு, அந்தம்மா செல்லாதுங்கிறாவ. மூணாவது ஜட்ஜுக்குப் போகுது."

"அப்படியா அண்ணாச்சி."

"அப்படியாவா? மொதப் பக்கத்துல மனுதாரருக்காகன்னு உம் பேருதானடே இருக்கு. உள்ளயும் ஒரு இடத்துல உம் பேரைச் சொல்லி எழுதியிருக்காராம் மூத்தவரு. மதுரைல இருந்து போன் பண்ணிச் சொன்னான். நம்ம சங்கத்துல இருந்து போயி ஹைகோர்ட் தீர்ப்புக்குள்ள பேரு வாங்குனவன் யாருடே இருக்கான்?"

இரண்டு பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். யாரோ பால்கோவா டப்பாவைத் திறந்து நீட்டினார்கள். இல்லை அண்ணாச்சி, பேசினது வெங்கடேஸ்வரிதான் என்று சொல்ல அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாயில் பால்கோவா இருந்தது. அது கரைவதற்குள் அண்ணாச்சி அடுத்ததற்குப் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழமை சங்கத்துல ஒரு கூட்டம் போடுவோம். ஒரே சாசனம், ஒரே வரி, ஜட்ஜுக்கு ஜட்ஜு எதுக்கு வேற வேற மாதிரி படிக்காவன்னு நீ ஒரு அரை மணி நேரம் பேசணும். என்ன?"

"பேசிருவோம் அண்ணாச்சி" என்றான் ஜெயபாண்டி.

உள்ளே பெயர் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. வெளியே வந்து, வண்டிகள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் தீர்ப்பைத் திறந்தான்.

மூத்த நீதிபதி தெளிவாகத்தான் எழுதியிருந்தார். சாதி, மதம், பால் என்று, எவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதற்குச் சாசனம் ஒரு பட்டியல் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் திருமணம் இல்லை. எழுதியவர்கள் சேர்க்காத ஒன்றை நீதிபதி தன் பேனாவால் சேர்க்கக் கூடாது. காலம் மாறிவிட்டது என்றால் சட்டத்தைத் திருத்த வேண்டியவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள், நாங்கள் அல்ல. ஜெயபாண்டிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வெங்கடேஸ்வரியிடம் அவன் சொல்லிவந்ததும் இதுதானே. எழுதினதுதான் சட்டம், மிச்சமெல்லாம் உன் ஆசை.

தன் கட்சிக்காரியை, அதுவும் தங்கை முறையானவளைத் தோற்கடித்த எழுத்தைப் படித்து ஒரு வக்கீல் பூரித்துப்போவது ஊரில் நடக்காத காரியம். அவன் கொஞ்ச நேரம் அப்படித்தான் நின்றான்.

பிறகு அந்தப் பத்தி வந்தது. எழுதியவர்கள் மனதில் திருமணமான மகள் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதை மனுதாரர் தரப்பின் கற்றறிந்த வழக்கறிஞர் திரு. ஜெயபாண்டியே நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஆகவே இதற்குமேல் இதில் ஆராய எதுவும் இல்லை.

கோர்ட்டில் பழகியவர்களுக்கு அந்த 'நேர்மையாக' எப்படிப்பட்டது என்று தெரியும். கேஸைக் கோட்டைவிட்ட வக்கீலின் தலையில் நீதிபதிகள் வைக்கிற பூ அது.

அவன் அடுத்தவருடைய தீர்ப்புக்குத் தள்ளினான். மகன் கல்யாணம் செய்துகொண்டால் மகனாகவே இருக்கிறான், மகள் மட்டும் எப்படி அந்த வீட்டுக்கு அந்நியமாகிறாள் என்று இளைய நீதிபதி கேட்டிருந்தார். திருமணம் என்ற சொல் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, பெண் என்பதற்காக மட்டும் வைத்த வேலி இது. ஒரு தலைமுறை எழுதிவைத்த சமத்துவம் அடுத்த தலைமுறையின் வாழ்க்கையில் என்ன பொருள் தருகிறது என்று பார்ப்பதும் நீதிபதியின் கடமை. கடைசியில் ஒரு வரி: திருமதி வெங்கடேஸ்வரியின் ஆழ்ந்த வாதம் இந்த நீதிமன்றத்துக்குப் பெரிதும் துணை செய்தது.

தன்னை மாட்டிவிட்ட பத்தியை அவன் ஒரு தரம்தான் படித்தான். மனைவியைப் பாராட்டிய வரியை நாலு தரம் படித்தான். பயமா பொறாமையா என்று கேட்டால், பயம் அப்புறம்தான் வந்தது.

*

மத்தியானம் ராஜபாளையத்துக்கு வந்து ஆபீஸைத் திறந்தபோது மாரிக்கனி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். மில் சீருடையின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"செத்த நேரம்தான் அண்ணே, அடுத்த பஸ்ஸுக்குப் போகணும். அம்மா தனியாக் கிடக்கு. மதினிக்குப் போன் போட்டேன், பஸ்ஸுல இரைச்சலாக் கெடக்குன்னாவ. ஒருத்தரு குடுக்கச் சொல்லிட்டாராம், ஒருத்தரு கூடாதுன்னுட்டாராம்லா. அது எப்படி அண்ணே? ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்தைத்தான படிக்காவ?"

குழப்பாதீர்கள் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவளை நினைத்துக்கொண்டு, ஜெயபாண்டி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஒரே புஸ்தகம்தான். ஒருத்தரு, எழுதுனவிய என்ன எழுதுனாவளோ அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சேக்க மாட்டேங்கிறாரு. இன்னொருத்தவிய, எதுக்காக எழுதுனாவன்னு பாத்து, அதை இன்னைக்கு உள்ள நிலைமைக்குப் பொருத்திப் படிக்காவ. ரெண்டும் தப்பில்ல. ஜட்ஜுக்கு ஜட்ஜ் மாறும்."

"தப்பில்லாமலா எனக்கு வேலை இல்லைங்கிறாரு?"

மாரிக்கனி கோபமாகக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கய்யா போன அன்னைக்குக் கொள்ளி வைக்க ஆம்பளப் புள்ள இல்லைன்னு நான்தான் அண்ணே வச்சேன். அப்ப யாரும் நீ கட்டிக்குடுத்த புள்ள, தள்ளி நில்லுன்னு சொல்லலை."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"அதை விடுங்க. நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். மூணாவது ஜட்ஜு முன்னால நீங்க பேசுங்க அண்ணே."

ஜெயபாண்டி நிமிர்ந்தான். "நானா?"

"அன்னைக்கு நானும் பின்னால உக்காந்திருந்தேன்ல. நீங்க எந்திரிச்சு இங்கிலீசுல ரெண்டு வார்த்தைதான் சொன்னிய, எனக்கு வெளங்கலை. ஜட்ஜு உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சாரே. வீட்டுக்குப் போயி அம்மாட்டச் சொன்னேன், அண்ணன் ஏதோ நமக்கு நல்லதாச் சொல்லியிருக்காவன்னு. மதினி அம்புட்டு நேரம் பேசினாவ, அவரு ஒரு தடவை சிரிக்கலை. மதினிட்டயும் பஸ்ஸுல பேசையில இதைத்தான் சொன்னேன். இரைச்சல்ல கேட்டுச்சோ என்னமோ."

எந்த ஆசையை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தானோ அதை அவள் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டாள். உயர் நீதிமன்றம், மூன்றாவது நீதிபதி, அவன் ஒருவன் மட்டும். உன் கேஸ் பாதி போனதே என்னால்தான் என்று அவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"பாப்போம்மா" என்றான்.

மாரிக்கனி நிம்மதியாகப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போகச் சொல்லி வெங்கடேஸ்வரி எப்போதும் போன் செய்வாள். அன்று போன் வரவில்லை. ஆட்டோவில் வந்து ஆபீஸ் வாசலில் இறங்கினாள். உள்ளே வந்தவள் தன் நாற்காலிக்குப் போகவில்லை. கட்சிக்காரர்கள் உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"டீ சொல்லவா?"

"வேண்டாம். ஐயாதுரை அண்ணாச்சி போன் பண்ணாவ. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானும் வந்து, எம் புருஷன் பேசுறதைக் கேக்கணுமாம். நீங்க வாதாடுன கேஸைப் பத்தி."

ஜெயபாண்டி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி திறந்து, திரும்ப மூடினான்.

"தீர்ப்பைப் படிச்சியளா?"

"மேலோட்டமாப் பாத்தேன்."

"நான் பஸ்ஸுலயே கல்லுப்பட்டில ஆரம்பிச்சு, கிருஷ்ணன்கோவில் வர்றதுக்குள்ள முழுசாப் படிச்சுட்டேன். எம் பேரைச் சொன்ன வரி வந்ததும் சந்தோசமா இருந்துச்சு. உங்க பேரு வந்த பத்தியை மொதல்ல நம்பல. ஆள் மாத்தி எழுதிட்டாவளோன்னு நினைச்சேன். பொறவுதான் மாரிக்கனி போன்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"அவராக் கேட்டாரு வெங்கடா. பாஸ் ஓவர் கேக்கத்தான் எந்திரிச்சேன்."

"கேட்டா? எங்க வக்கீல் வந்து சொல்லுவாவன்னு உக்கார வேண்டியதுதான?"

"நான் என்ன, மகளுக்கு உரிமை கிடையாதுன்னா சொன்னேன்? எழுதுனவிய மனசுல இருந்திருக்காதுன்னுதான் சொன்னேன். நீ வெறும் வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாது. எந்த நோக்கத்துல சொன்னேன், எந்த நிலைமையில சொன்னேன்னு பாக்கணும்ல."

சொல்லி முடித்த பிறகுதான், தான் எந்தப் பக்கத்துக்குத் தாவிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது. எழுதினதுதான் சட்டம் என்று பன்னிரண்டு வருஷம் அடித்துப் பேசியவன்.

வெங்கடேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சரி. நோக்கத்தையே பாப்போம்" என்றாள். "பதில் சொல்லுததுக்கு முன்னால வாசலைத் திரும்பிப் பாத்தியளாமே. அண்ணன் உங்களைத் தேடுனாவ மதினின்னு சொன்னா மாரிக்கனி. என்ன நினைச்சுப் பாத்திய?"

நீ வந்துவிட்டாயா என்று பார்த்தேன் என ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது பாதி உண்மையும்கூட. அவன் அவளைப் பார்த்தான். காலையில் கட்டிய சேலை மதுரைக்குப் போய் வந்ததில் கசங்கியிருந்தது. வக்கீல்கள் கட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"நீ வந்துறக் கூடாதேன்னு பாத்தேன்" என்றான்.

சொன்னதும் மிச்சமும் தானாக வந்தது.

"எல்லாரும் உன்னைத்தான் கேக்காவ. உன்னைத்தான் கூப்பிடுதாவ. நீ எனக்கு ஜூனியரா வந்தவ. அன்னைக்கு உன் பையை மடியில வச்சுக்கிட்டுப் பின்னால உக்காந்திருந்தேன். பொறாமையா இருந்துச்சு. ஒரு நிமிசம் நானும் பேசணும்போல இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

வெளியே ஒரு மில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஒரு நிமிசம் பேசிட்டிய" என்றாள். "அதுக்கு அவ இன்னும் எம்புட்டு வருசம் மெஷின் முன்னால நிக்கணுமோ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வக்கீல் சட்டத்தைப் பத்தி ஒத்துக்கிட்டது கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தாது. அதுக்குப் பழைய தீர்ப்பு இருக்கு, எடுத்து வச்சிருக்கேன். ஆனா மூணாவது ஜட்ஜு முன்னால அதை நான் எந்திரிச்சுச் சொன்னா, பொண்டாட்டி புருசனைக் காப்பாத்துதான்னு ஆயிரும். சொன்ன வாய்தான் அதைத் திருப்பி எடுக்கணும். மாரிக்கனி உங்களைத்தான பேசச் சொல்லுதா? பேசுங்க."

ஜெயபாண்டிக்கு முதலில் புரியவில்லை. "முழு கேஸுமா?"

"முழு கேஸும். மொத வார்த்தையா, அன்னைக்கு நான் சொன்னது என் கட்சிக்காரி சொல்லச் சொன்னதில்லைன்னு சொல்லுங்க. பொறவு, எழுதுனவிய மனசுல மாரிக்கனி இல்லாட்டியும் சமம்னு ஒண்ணு இருந்துச்சு, அதைத்தான் இன்னைக்குப் படிக்கணும்னு வாதாடுங்க. நான் எழுதித் தாரேன்."

வாழ்நாளெல்லாம் அவன் நம்பாத வாதம். அவனே கோட்டைவிட்ட கேஸ். அவன் ஆசைப்பட்ட அதே இடம்.

"நீ?"

"பக்கத்துக் கோர்ட்ல இருப்பேன். வர மாட்டேன்." அவள் எழுந்து கழுத்துப் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அதனால வாசலைப் பாக்காமப் பேசுங்க."

அவனுடைய செல்போன் அடித்தது. திரையில் மாரிக்கனி பெயர். அண்ணன் பாப்போம் என்று சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் இருக்கும். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கையை நீட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெங்கடேஸ்வரி போனை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எடுங்க. உங்க கட்சிக்காரி. நீங்க அன்னைக்கு என்ன சொன்னியன்னு அவளுக்கு இன்னும் தெரியாது."